கட்டைவிரல்காரி

அவளுக்கு அறுபத்துநாலு என்று பேர் வைத்தவர் மேற்பார்வையாளர் மேடம்தான். பயிற்சியின் முதல் வாரத்தில் பன்னிரண்டு பெண்களையும் வரிசையாக உட்கார வைத்து, ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்து நாடி எண்ணச் சொன்னார். மற்றவர்களுக்கு எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, பயந்தாங்கொள்ளி ஒருத்திக்குத் தொண்ணூற்றாறு. இவளுக்கு மட்டும் அறுபத்துநாலு. மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து எண்ணினார். அறுபத்துநாலு. முதுகுக்குப் பின்னால் போய் இரும்புத் தட்டைத் தரையில் போட்டார். மற்ற பதினோரு பேரும் துள்ளி எழுந்தார்கள். இவள் குனிந்து தட்டை எடுத்துக் கொடுத்தாள். எண்ணினால், அறுபத்தாறு, அரை நிமிடத்தில் மறுபடியும் அறுபத்துநாலு.

"உள்ள என்னடி வெச்சிருக்கே, சுவர்க்கடிகாரமா?" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. சமநிலைச் சட்டம் நடந்துகொண்டிருந்த காலம். பஞ்ச வருடங்கள் முடிந்து, எந்த ஊரில் ஆள் குறைகிறதோ அந்த ஊருக்கு இளவட்டங்களை அனுப்பும் வேலையை நிர்வாகம் கையில் எடுத்திருந்தது. எல்லோரையும் அனுப்ப முடிந்தது. ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்களை மட்டும் அனுப்ப முடியவில்லை. ரயிலில் ஏற்றிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தே திரும்பி வந்தார்கள். ஆகவே, இருபத்தைந்து வயது முடியும்வரை யாரும் யார் மீதும் பிடிப்பு வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். காதல் என்ற சொல் அந்தச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பிடிப்பு. அவ்வளவுதான். சத்தமாகச் சிரித்தாலும், பொது இடத்தில் அழுதாலும், ஒருவர் முகத்தைப் பத்து விநாடிக்கு மேல் பார்த்தாலும் அது பிடிப்பின் அறிகுறி. இருபத்தைந்து முடிந்த பிறகு நிர்வாகமே பட்டியல் பார்த்து ஜோடி சேர்க்கும்.

முகத்தை அடக்கிக்கொள்ள எல்லோரும் பழகிவிட்டார்கள். நாடியை அடக்க யாருக்கும் வரவில்லை. அதனால் நாடியைப் பிடித்தார்கள். முதலில் மணிக்கட்டில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் எல்லாக் கருவிகளும் பழுதாகிவிட்டன, உதிரிப்பாகம் வரவில்லை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வந்த பெண்களில் கை நடுங்காதவர்களாகப் பொறுக்கி எண்ணுகாரிகள் ஆக்கினார்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொருவருக்கும் எண்ண வேண்டும். யார் மேலாவது புகார் வந்தால் எதிர் அமர்வு. சந்தேகப்பட்ட ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, காலி நாற்காலியைப் பார்க்கச் சொல்லி முதலில் எண்ணுவார்கள். பிறகு எதிரில் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்து மறுபடியும் எண்ணுவார்கள். பத்துத் துடிப்பு ஏறினால் பிடிப்பு உறுதி. ஒருவர் ஒரு திசைக்கு, மற்றவர் மறு திசைக்கு.

பயிற்சியில் முதல் பாடம் விரல். ஆள்காட்டி, நடு, மோதிரம் மூன்றையும் சேர்த்து, மணிக்கட்டில் எலும்புக்கு உள்பக்கமாக, லேசாக அழுத்தி வைக்க வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கட்டைவிரல் மட்டும் கூடவே கூடாது. அந்த விரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது. அதை அடுத்தவர் கையில் வைத்தால், தன் நாடியை எண்ணி அவர் பேரில் எழுதிவிட நேரும்.

"கட்டைவிரலை வெச்சு எண்றவ நாடி பார்க்கலை, கண்ணாடி பார்க்கிறா" என்பார் மேடம். தப்பு செய்த பெண்ணின் கட்டைவிரலில் தடிமனாக பேண்டேஜ் சுற்றி, ஒரு வாரம் அப்படியே நடமாட வைப்பார். ஆஸ்பத்திரி முழுக்க அந்த விரலைப் பார்த்து, சிரிக்கக்கூடாது என்பதால், சிரிக்காமல் இருப்பார்கள். அது சிரிப்பதைவிட மோசம். அந்த வருடம் பன்னிரண்டில் ஒன்பது பேருக்குக் கட்டு விழுந்தது. அறுபத்துநாலுக்கு ஒரு நாள்கூட விழவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வீம்பு இருந்தது. எண்ணாத எண்ணை எழுதமாட்டாள். மற்ற எண்ணுகாரிகள் வரிசை நீண்டுவிட்டால் மூச்சு விடுவதைப் பார்த்தே எழுபத்துநாலு, எழுபத்தாறு என்று போட்டுத் தள்ளுவார்கள். இவள் ஒவ்வொரு கையாகப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, எண்ணிவிட்டுத்தான் எழுதுவாள். மூன்று வருடத்தில் அவள் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கிய பாத்திரம் மாதிரி இருக்கும் ஒவ்வொரு பக்கமும்.

அந்த வீம்புதான் அக்காவை உப்பளத்துக்கு அனுப்பியது.

அவளுக்கு வயது பத்தொன்பது ஆனபோது நடந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல்களைப் பழுது பார்க்க வந்த தச்சனோடு அக்காவுக்குப் பழக்கம் என்று புகார் வந்தது. சொந்தத் தங்கை எண்ணக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. மேடம் அவளையே கூப்பிட்டார். காலி நாற்காலியைப் பார்த்தபோது தச்சனுக்கு எழுபத்திரண்டு. அக்கா வந்து உட்கார்ந்ததும் தொண்ணூற்றுநாலு. விரலுக்கடியில் அப்படித் துள்ளியது. தொண்ணூற்றுநாலு என்று எழுதினாள்.

அக்கா எழுந்து போகும்போது கேட்டாள். "சரியா எண்ணினியாடி?"

"சரியா எண்ணினேன்."

அக்கா உப்பளத்துக்குப் போனாள். தச்சன் துறைமுகத்துக்குப் போனான். நடுவில் இரண்டு நாள் ரயில் பயணம். அன்றிலிருந்து அம்மா அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, சுவரோரம் ஒரு மர அலமாரி. அம்மா எல்லாவற்றையும் அந்த அலமாரியிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"அலமாரியே, எண்ணுகாரிக்குச் சாப்பாடு மூடி வெச்சிருக்கு. ஆறிப் போனா நான் பொறுப்பில்லைன்னு சொல்லிடு."

"அலமாரியே, அவ சட்டையில பொத்தான் தொங்குது. எண்ணத் தெரிஞ்ச கைக்கு ஊசி பிடிக்கத் தெரியாதான்னு கேளு."

அவளும் அலமாரிக்கே பதில் சொன்னாள். அழவில்லை. அழுகை வரும்போல இருந்தால் மனதுக்குள் ஒரு கட்டிலுக்கு விரிப்புப் போடுவாள். விரிப்பை உதறி, நடுக்கோடு பார்த்து, தலைமாட்டு மூலையை மடித்து, மெத்தைக்கடியில் செருகி, அடுத்த மூலைக்கு நகர்ந்து. நாலாவது மூலை வருவதற்குள் நாடி அறுபத்துநாலுக்கு வந்துவிடும். தனக்குள் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்றே அவள் நம்பியிருந்தாள். அது ஒரு வசதி.

பாய்லர்காரன் வியாழக்கிழமை வரிசையில் வருகிறவன். ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கு அடியில் பாய்லர் அறை. வார்டுகளுக்கு வெந்நீரும், சலவைக்கூடத்துக்கு நீராவியும் அவன் கையில்தான். வயது இருபத்துமூன்று. இடது மணிக்கட்டில் நீராவி சுட்ட தழும்பு இருந்ததால் வலது கையைத்தான் நீட்டுவான். முதல் தடவை நீட்டியபோதே முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டான்.

"இருக்கா சிஸ்டர்?"

"என்ன இருக்கா?"

"நாடி. காலையில பாய்லர் அணைஞ்சு போச்சு. அதோட சேர்ந்து நானும் அணைஞ்சுட்டேனோன்னு ஒரு சந்தேகம்."

அவள் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். எண்பத்தெட்டு. "இருக்கு. அடுத்த ஆள்."

வாரா வாரம் இப்படி ஒன்று கொண்டுவருவான். சிரிக்காமலே சொல்வான், அவளும் சிரிக்காமலே கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இரண்டு பேரும் ஏதோ குழாய் ரிப்பேர் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, அவன் கையை விட்ட பிறகு கடிகாரத்தைப் பார்த்தவள், அரை நிமிடத்துக்குப் பதில் முழு நிமிடம் எண்ணியிருப்பதைக் கண்டாள். அடுத்த வியாழனும் அப்படியே ஆனது. அதற்கடுத்த வியாழன் அவனே கேட்டான்.

"எல்லாருக்கும் அரை நிமிஷம்தானே சிஸ்டர்?"

"உங்க நாடி தாறுமாறா ஓடுது. முழுசா எண்ணினாத்தான் சரியா வரும்."

"அப்போ சரி. அவசரமில்லை. நிதானமா எண்ணுங்க."

இவ்வளவுதான் அவர்களுடைய காதல். வாரத்துக்கு ஒரு நிமிடம், மூன்று விரல் அகலத்துக்குத் தோல். ஒன்றேகால் வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு காய்ச்சல்காரருக்கு உடம்பு துடைத்துவிட்டாலே அதில் பாதி நேரம் போய்விடும்.

ஆனால் அவள் பதிவேட்டில் அவனுக்கு எப்போதும் எண்பத்தெட்டு, தொண்ணூறு என்றுதான் இருந்தது. பக்கத்தில் 'பாய்லர் அறைச் சூடு' என்று அவளே குறிப்பும் எழுதியிருந்தாள். நம்பித்தான் எழுதினாள். ஒரு வியாழக்கிழமை பல்வலி என்று விடுப்பு எடுத்தாள். மறுநாள் வந்து பதிவேட்டைப் புரட்டினாள். அன்று அவனை வேறு எண்ணுகாரி எண்ணியிருந்தாள். எழுபது.

அந்த எழுபதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாய்லர் அறைச் சூடு அன்றைக்கு மட்டும் விடுப்பில் போயிருக்க முடியாது. அன்று மனதுக்குள் ஆறு கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள்.

புகார் வந்தது அடுத்த மாதம். பெட்டியில் யாரோ போட்ட சீட்டு. 'பாய்லர் ஆள் வியாழக்கிழமை மட்டும் சவரம் செய்துகொள்கிறான். மற்ற ஆறு நாளும் முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறான். வியாழக்கிழமைதான் சலவைக்கூடத்துப் பெண்களும் எண்ண வருகிறார்கள். கவனிக்கவும்.' பேர் போடவில்லை.

மேடம் சீட்டைப் படித்துக் காட்டிவிட்டு, "இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கிற சலவைப் பொண்ணுங்க ஆறு பேர். ஆறையும் கொண்டு வா. நீதான் எண்றே" என்றார்.

"நானா மேடம்?"

"வேற யாரை நம்பறது? மத்தவளுங்க எண்றதுக்கு முன்னாடியே எழுதிடறாளுங்க."

பிடிப்பு உறுதியானால் அவனை மலைச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள். ஐந்து வருடம். போனவர்களிடமிருந்து கடிதம்கூட வந்ததில்லை. யாரோடு பிடிப்பு என்பது ஆறு சலவைப் பெண்களிடம் தெரியாமல் போனால், மேடம் பதிவேட்டைப் புரட்டுவார். புரட்டினால் எண்பத்தெட்டுகளின் நடுவில் அந்த ஒற்றை எழுபது கிடைக்கும். அன்றைக்கு யார் விடுப்பு என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

எதிர் அமர்வு அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு கைகழுவும் தொட்டி, சுவரில் கடிகாரம், கதவோரம் ஒரு திரை. மேடம் மேசைக்குப் பின்னால் பதிவேட்டோடு உட்கார்ந்தார். பாய்லர்காரன் வந்தான். சவரம் செய்திருந்தான். வியாழக்கிழமை ஆயிற்றே, புகாரே அதைப் பற்றித்தான் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவள் பக்கத்தில் நின்று வலது கையைப் பிடித்தாள்.

"காலி நாற்காலியைப் பார்" என்றார் மேடம்.

மூன்று விரலையும் வைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் நிமிடத்துக்கு இருபத்தேழு. காலி நாற்காலியைப் பார்த்து ஒருவனுக்கு நூற்றெட்டு ஓடுகிறது என்றால், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாரும் யோசிப்பார்கள். மேடத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. மிச்சம் ஒரே ஒருத்தி.

எழுபத்தாறு என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். வேறு எவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். அவளுக்கு வரவில்லை. அக்காவுக்கே செய்யாததை இப்போது செய்தால், அன்று எழுதிய தொண்ணூற்றுநாலுக்கு என்ன அர்த்தம்? எண்ணாமல் எழுத முடியாது. எண்ணியதை எழுதவும் முடியாது.

அவள் கை கொஞ்சம் புரண்டது. மூன்று விரல்களும் மணிக்கட்டுக்குப் பின்னால் போயின. கட்டைவிரல் முன்னால் வந்து நாடி மேல் அழுந்தியது. மூன்று வருடத்தில் முதல் தடவை. எண்ண வேண்டியது தன் நாடியைத்தான். அது எப்போதும் அறுபத்துநாலு. எண்ணி எழுதியதாகவும் இருக்கும், யாரையும் சுரங்கத்துக்கு அனுப்பாததாகவும் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

எண்ணினாள். எண்பத்தாறு.

தன்னிடம் இல்லவே இல்லை என்று நினைத்திருந்த சாமான் தன் கட்டைவிரல் நுனியில் நின்று குதித்துக்கொண்டிருந்தது.

"என்ன வந்துச்சு?" என்றார் மேடம்.

"எண்பத்தாறு."

"சரி, இயல்பு எண்பத்தாறு. முதல் பொண்ணு."

சலவைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். அவள் மனதுக்குள் விரிப்பை உதறினாள். முதல் மூலை, எண்பத்திரண்டு. இரண்டாம் மூலை, எழுபத்தெட்டு. மூன்றாம் பெண்ணுக்கு எழுபத்தாறு. மேடத்தின் பேனா நின்றது.

"இறங்கிட்டே போகுதே! இவளுங்களைப் பார்த்து இவனுக்குத் தூக்கம் வருதா?"

நாலாவதாக வந்தவள் சலவைக்கூடத்திலேயே வாய்க்காரி. எதிரில் உட்கார்ந்து, முடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"எழுபத்திரண்டு" என்றாள் அறுபத்துநாலு.

"என்னைப் பார்த்துமா குறையுது?" என்றாள் வாய்க்காரி. "மேடம், நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்? நல்லா இன்னொரு தடவை எண்ணச் சொல்லுங்க."

"எழுந்து போடி!"

ஆறாவது பெண் போகும்போது அறுபத்தாறு. மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கையை எடுக்காதே. அப்படியே வை" என்றார். அவர் குனிந்து பார்த்தார். மணிக்கட்டின் மேல் அழுந்தியிருந்த விரலைப் பார்த்தார்.

"இது என்ன விரல்?"

அவளும் குனிந்து அதே விரலைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? இது என்ன விரல்?"

"கட்டைவிரல் மேடம்."

மேடம் அவள் கையைத் தட்டிவிட்டு, தன் மூன்று விரலை வைத்து அவன் நாடியை எண்ணினார். நூற்றிரண்டு. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நூத்திரண்டு ஓடுற ஆளுக்கு அறுபத்தாறுன்னு சொல்லியிருக்கே. இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?"

அந்தக் கேள்வியில் இருந்த குழியை அவள் பார்த்துவிட்டாள். இன்றைக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டால், ஏன் இன்றைக்கு மட்டும் என்ற அடுத்த கேள்வி காத்திருந்தது. அமர்வை முடிக்காமலே வேறு எண்ணுகாரியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார்கள். அவளையே எதிர் நாற்காலியில் உட்கார வைக்கவும் கூடும்.

மேடத்தின் தோளுக்குப் பின்னால் அலமாரியில் அவளுடைய மூன்று வருடப் பதிவேடுகள் வரிசையாக இருந்தன. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அவள் எண்ணிப் பிரித்த பதினோரு ஜோடிகளும் அதில்தான் இருந்தார்கள். அக்காவும் அதில்தான் இருந்தாள்.

"இன்னிக்கு மட்டும் இல்லை மேடம். எப்பவுமே இந்த விரல்தான்."

"என்னது?"

"நீங்க பார்க்கும்போது மூணு விரல் வெப்பேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் இது. இதுலதான் மேடம் நல்லாத் தெரியும்."

"தெரியாம என்ன செய்யும்? அது உன் நாடிடி!" மேடத்தின் குரல் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. வெளியே சலவைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள். "அப்போ அந்தப் பதினோரு ஜோடி?"

"அதுவும் என் நாடிதான்."

"உனக்கு எப்படி ஏறும்? உன்னை நானே எண்ணியிருக்கேன். நீ அறுபத்துநாலு!"

"அது நீங்க என்னை எண்ணும்போது மேடம். நான் எண்ணும்போது என்னை யாரும் எண்ணலையே. எதிர்ல ஆள் வந்து உக்காந்ததும் தப்பா எண்ணிடுவோமோன்னு பயம் வந்துடும். எனக்குத்தான் ஏறும்."

மேடம் நம்பவில்லை. அவள் கையை வெடுக்கென்று இழுத்து, மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விரிப்பைத் தொடவில்லை. மடிக்கவில்லை. மூலைகளை அப்படியே தொங்கவிட்டாள். அந்த ஒரு நிமிடம் அது தன் இஷ்டத்துக்கு ஓடட்டும் என்று விட்டாள்.

"தொண்ணூத்தாறு" என்றார் மேடம். சொல்லிவிட்டுக் கையை விட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். நன்றாகச் சொன்னாள். நிரூபணமும் கையோடு கொடுத்தாள்.

பாய்லர்காரன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்போ எனக்கு நாடி இருக்கா இல்லையா மேடம்? எதையாவது ஒண்ணை முடிவா சொன்னா நான் போய் வெந்நீரைப் பார்ப்பேன்."

"வெளியே போ!" என்றார் மேடம். அவன் எழுந்து போனான். ஒரு புகாருக்கு ஓர் அமர்வுதான் என்பது விதி. எண்ணுகாரியே செல்லாதவள் என்றால் அமர்வும் புகாரும் சேர்ந்தே தள்ளுபடி, மறு அமர்வு கிடையாது. விதியை மீறுகிற வழக்கம் மேடத்துக்குக் கிடையாது.

மறுநாள் காலை எண்ணுகாரிகளும் பயிற்சிப் பெண்களுமாக முப்பது பேரையும் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். அவளை முன்னால் கூப்பிட்டு, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கழற்றினார்கள். மேடமே கட்டைவிரலில் பேண்டேஜ் சுற்றினார். ஒரு வாரமில்லை, ஒரு மாதம். "மூணு வருஷம் என் கண்ணுல மண்ணைத் தூவின விரல் இது. எல்லாரும் நல்லாப் பார்த்துக்கங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். எண்ணத் தெரியாதவர்கள், எண்ணாமலே எழுதுகிறவர்கள், முதல் வாரத்தில் கட்டு வாங்கிய பயந்தாங்கொள்ளி உட்பட எல்லோரும். அந்த ஆஸ்பத்திரியில் சரியாக எண்ணத் தெரிந்தவள் ஒருத்திதான்; அவள்தான் விரலை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் அது அவள் வேலைக்குச் செய்த அவமரியாதை ஆகியிருக்கும்.

சாயங்காலம் அந்த விரலோடு வீட்டுக்குப் போனாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அலமாரியே, அவ விரல்ல என்னன்னு கேளு."

"அலமாரியே, வேலை போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. நாளையிலேர்ந்து சலவைக்கூடம்."

"எண்ணித் தள்ளினது போதும்னு அவங்களுக்கே தோணிடுச்சாமான்னு கேளு."

"நான் எண்ணினது எதுவும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, அலமாரியே. பதினோரு ஜோடியையும் திருப்பிக் கூப்பிடறாங்க. தச்சரையும்தான்."

அம்மாவின் கை மடிப்பிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்தார். பிறகு இரண்டு வருடத்துக்கப்புறம் மகள் பக்கம் திரும்பினார்.

"எப்போடி வர்றா?"

"அடுத்த மாசம் ரயில்லம்மா."

அம்மா எழுந்து வந்து அந்தக் கட்டுப் போட்ட விரலைப் பிடித்துப் பார்த்தார். "யாரு கட்டினது இதை? இவ்வளவு இறுக்கமாவா கட்டுவாங்க?" என்று அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அலமாரிக்கு ஓய்வு.

பதினோரு ஜோடிகளில் ஒன்பது திரும்பி வந்தார்கள். ஒரு ஜோடி அங்கேயே ஆளுக்கொரு பக்கம் வேறு துணை பார்த்துக்கொண்டார்கள். வரமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு ஜோடியில் பெண் நிமோனியாவில் போய்விட்டாள். அதை அறுபத்துநாலு ஒருநாளும் மறக்கவில்லை. மறக்காமலே வேலைக்குப் போனாள்.

அக்கா கருத்து, கை வெடித்து, உப்பு அரித்த தழும்புகளோடு வந்து இறங்கினாள். தச்சன் இரண்டு நாள் முன்பே வந்து நிலையத்தில் நின்றிருந்தான். பத்து விநாடிக்கு மேல் பார்க்கக்கூடாது என்பதால் பார்த்தார்கள், தலையைத் திருப்பினார்கள், மறுபடியும் பார்த்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா தங்கையை இழுத்து வைத்துக் காதில் சொன்னாள்.

"அன்னிக்கு நீ வெச்சது மூணு விரல். நான் எதிர்லயே உக்காந்து பார்த்தேன்."

"ஆமா."

"இதை வெளியில சொல்லிக்காதே, கழுதை. திரும்ப உப்பளத்துக்கு அனுப்பிடப் போறாங்க." கொஞ்ச தூரம் போனதும், "ஆமா, யாருக்காகடி?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அக்கா அவள் கையைப் பிடித்து, மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓஹோ!" என்றாள்.

நிர்வாகம் கொடுத்த தண்டனையில் ஒரு தமாஷ் இருந்தது. சலவைக்கூடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரிலும் நீராவிக் குழாய்க்காக ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. வாரத்துக்கு ஒரு நிமிடம் பார்த்தவனை வாரத்துக்கு ஆறு நாள் பார்க்கும்படி ஆயிற்று. அவன் முதல் நாளே ஓட்டை வழியாகத் தலையை நீட்டினான்.

"கட்டைவிரல் சிஸ்டர், நீராவி போதுமா?"

"போதும். இனிமே ஏழு நாளும் சவரம் பண்ணுங்க. இல்லேன்னா ஒரு நாளும் பண்ணாதீங்க."

அவன் ஒரு நாளும் பண்ணவில்லை. சட்டம் போகும்வரை ஒன்றரை வருடம் தாடியோடு இருந்தான். அறுபத்துநாலு என்ற பேர் போய்க் கட்டைவிரல்காரி என்ற பேர் நின்றுவிட்டது. பயிற்சிப் பெண்களைப் பயமுறுத்த அந்தப் பேரைச் சொன்னார்கள்.

சட்டம் எடுக்கப்பட்ட வருடம், புதிய நிர்வாகம் பழைய பதிவேடுகளைத் திறந்து பார்த்தது. யார் யார் பேர் அநியாயமாகக் கெட்டதோ அதைத் திருத்தித் தருகிறோம், சரியாகத்தான் எண்ணினேன் என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அவள் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தப் பேரை நான் சும்மா வாங்கலை. இருக்கட்டும்" என்றாள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பத்தொரு வருடம் அதே வேலை. புண் வராமல் புரட்டிப் போடுவது, வாய் துடைப்பது, நாடி பார்ப்பது. அங்கே புதிதாகச் சேர்கிறவர்கள், கட்டைவிரல்காரி என்று கேள்விப்பட்டு, எந்த விரலை வைக்கிறாள் என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். மூன்று விரல்தான். பதிவேட்டில் அடித்தல் கிடையாது.

இப்போது அவளுக்கு எழுபத்திரண்டு. பாய்லர்காரருக்கு எழுபத்தைந்து, இதயத்துக்கு மாத்திரை போகிறது. அந்த மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் தினமும் காலையில் நாடி பார்க்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் அன்றைக்குக் கொடுக்கக்கூடாது. அரை நிமிடம் எண்ணிப் பெருக்குவதெல்லாம் அதற்குப் போதாது. முழு நிமிடம் எண்ண வேண்டும். அது விதி.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை நீட்டுகிறார்.

"இருக்கா சிஸ்டர்?"

"பேசாம இருங்க. எண்ணிக்கை விட்டுப் போகுது."

"எந்த விரலை வெச்சிருக்கே? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை."

"மாத்திரை வேணுமா வேண்டாமா?"

அவர் வாயை மூடிக்கொள்கிறார். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி அறுபது விநாடியும் எண்ணி முடித்து, நோட்டில் எழுபத்தெட்டு என்று எழுதி, தண்ணீரையும் மாத்திரையையும் எடுத்துக் கொடுக்கிறாள்.